சேர்வு இடாப்பில் இரண்டு திருத்தங்கள்

தம்பி,

நீ மூன்றாம் முறையும் ஆள் விட்டுக் கேட்ட சாதகம் இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை கேட்டபோது கறையான் அரித்துவிட்டது என்றேன். இரண்டாம் முறை, யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்றேன். இரண்டும் பொய். அது வெள்ளவத்தையில், என்னுடைய தகரப் பெட்டியின் அடியில், மஞ்சள் துணியில் சுற்றியபடி இருபது வருடமாகக் கிடந்தது. அம்மா வேண்டுமென்றே கலியாணத்தை இழுத்தடிக்கிறா என்று பெண்வீட்டாரிடம் நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொன்னது சரிதான். ஆனால் காரணம் நீ நினைப்பது இல்லை. பெண்ணில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாதகத்தைப் பிரிக்க முன் கடிதத்தை வாசி, ஆறுதலாக வாசி. உன்னுடைய பட்டியலில் ஒரு பிள்ளையின் வாசிப்புக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருந்தாய் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். இதற்கு அதைவிடக் கூட நேரம் எடுக்கும்.

உறையை நான் ஒட்டவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையான பெரிய ரீச்சர் இதை வாசித்துவிட்டார். மற்ற ரீச்சர்மாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுற்றியிருந்து வாசித்தார்கள். கொள்ளுப்பிட்டியில் நீ இருக்கும் போடிங் வீட்டுக்காரர் வாசித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நீ எங்கள் பள்ளிக்கூடக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை எல்லாரும் பார்க்கும்படிதானே எழுதினாய். நானும் அப்படியே எழுதுகிறேன்.

போன மாதம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரான உனக்குக் கொட்டாஞ்சேனைப் பகுதி மாற்றப்பட்டது. உன்னுடைய அம்மா படிப்பிக்கும் பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது என்று கல்வி இலாகாவான வித்தியா பகுதிக்கு நீ சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விதி விதி என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிற உனக்கு அந்த விதி மட்டும் மறந்துபோயிற்று. அன்று காலை நான் வழமைபோல ரயிலில் கொழும்புக் கோட்டைக்கு வந்து, ட்ராம் வண்டி பிடித்து, வியர்த்து விறுவிறுத்துப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால், வாசலில் உன் கார். நீ என்னை “ரீச்சர்” என்றாய். நானும் “வாங்கோ சேர்” என்றேன். பிள்ளைகளுக்கு முன்னால் அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் பிழையில்லை. உன்னுடைய கோட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. சட்டைப்பையில் நல்ல பேனை. மற்ற ரீச்சர்மார் என்னை ஒரு மாதிரிப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் பிறகு நடந்ததில் என் பங்கு உனக்கு விளங்காது.

நீ ஒரு பட்டியல் கொண்டு வந்திருந்தாய். நீயே தயாரித்து, தட்டெழுத்தில் அடித்தது. இடப்பக்கம் வயது. நடுவில், அந்த வயதுப் பிள்ளை எதை வாசிக்க வேண்டும், எத்தனை இலக்கக் கணக்குக் கூட்ட வேண்டும், எத்தனை வரி பிழையில்லாமல் சொல்வதெழுத வேண்டும் என்று ஒழுங்காக எழுதியிருந்தது. வலப்பக்கம் மூன்று பெட்டி: மேல், சமம், கீழ். பிள்ளை எப்போது பள்ளிக்கூடத்துக்கு வந்தது, வீட்டில் என்ன பாஷை, காலையில் ஏதாவது சாப்பிட்டதா என்பதற்கு அதில் பெட்டி இல்லை. என்னுடைய இரண்டாம் வகுப்பில் ஏழாவதாக எழும்பி வந்தவள் பாக்கியம். அவளுடைய தகப்பன் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிறவர். தாயும் பிள்ளையும் ஒன்றரை வருடத்துக்கு முன்தான் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தார்கள். வரும்போது அவளுக்கு ‘அ’னாவும் தெரியாது. அந்த ஒன்றரை வருடத்தில் பாலர் வகுப்பையும் முதலாம் வகுப்பையும் கடந்து என்னிடம் வந்து நிற்கிறாள். ட்ராம் வண்டியின் பலகை, கடைப்பெயர், சீனி சுற்றிவந்த பத்திரிகைத் துண்டு, எதைக் கண்டாலும் நின்று எழுத்துக் கூட்டுகிற பிள்ளை.

நீ பிரித்துக் கொடுத்த பாடம் பனங்கூடலைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுதிய புத்தகம், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு எழுதிய பாடம். பாக்கியம் நான்கு வரி நன்றாகவே வாசித்தாள். ஐந்தாவது வரியில் ‘கங்குமட்டை’ வந்தது. நின்றுவிட்டாள். பனைமரத்தையே கண்ணால் காணாதவளுக்குக் காய்ந்த மட்டையின் அடிப்பக்கத்தை எங்கே தெரியும்? எழுத்து அவளுக்குத் தெரியும். அப்படி ஒரு சொல் இருக்குமா, தான்தான் பிழையாகக் கூட்டிவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை நான் தினமும் பார்க்கிறேன், எனக்குத் தெரியும். நீ மணிக்கூட்டைப் பார்த்தாய்.

“ரீச்சர், இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?”

“பத்து எண்டு சேர்வுப் பதிவு இடாப்பிலை கிடக்கு, சேர்.”

“பத்து வயசுக்கு இவ்வளவும்தானோ? இது ரெண்டு வயசு பின்னுக்கெல்லோ நிக்குது.”

‘கீழ்’ என்ற பெட்டியில் கோடு போட்டாய். பிறகு குறிப்புப் புத்தகத்தில், வயதுக்கேற்ற தேர்ச்சி இல்லாத இந்தப் பிள்ளையைப் பாலர் வகுப்பில் இருத்தி அடியிலிருந்து தொடங்கவும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தாய். நான் வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு எதிரில் ரீச்சர் கதைக்கக் கூடாது என்பதால் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் மகன் எவ்வளவு கெட்டித்தனமாக வேலை செய்கிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

பாலர் வகுப்பில் குந்தும் வாங்குப் பலகை சிறுபிள்ளைகளுக்குச் செய்தது. பாக்கியம் நெடுவல். அதில் இருந்தால் முழங்கால் நாடியில் முட்டும். ஐந்து வயதுப் பிள்ளைகள் அவளை “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டு மூக்குத் துடைத்துவிடச் சொன்னார்கள். மூன்று நாள் துடைத்துவிட்டாள். நான்காம் நாள் வரவில்லை. ஒரு கிழமை முழுதும் பார்த்துவிட்டு, நான் அவர்கள் இருக்கும் லயத்து வீட்டுக்குப் போனேன். தாய் என்னை இருக்கச் சொல்லவில்லை. “பத்து வயசாகியும் படிப்பு ஏறலன்னு பெரிய தொரையே எழுதிட்டுப் போயிட்டாருன்னு சொன்னாங்க. அப்புறம் எதுக்குங்க டீச்சரம்மா? கொள்ளுப்பிட்டியில ஒரு வக்கீல் ஐயா வீட்டுல கொழந்தயப் பாத்துக்க ஆள் கேக்குறாங்க. பொறக்கிற மாசம் கொண்டுபோய் விடப் போறேன்” என்றாள். நான், பத்து வயதுப் பிள்ளையை வேலைக்கு விடலாமா என்று தொடங்கினேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: “யாருங்க பத்துன்னு சொன்னது? அவளுக்கு எட்டுதானே ஆவுது.” அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு கடதாசி எடுத்துத் தந்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் அம்மைப்பால் குத்தியதற்குக் கொடுத்த சீட்டு. மாதமும் வருடமும் தெளிவாக இருந்தது. எட்டு வயது. உன்னுடைய பட்டியலின்படியே பார்த்தாலும் அவள் ‘சமம்’.

பத்து என்று எழுதியது யார் என்று கேட்பாய். நான்தான். அவளைச் சேர்த்த நாளில் தகப்பன்தான் கூட்டி வந்தார், வயது கேட்டால் கையை விரித்தார். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் பள்ளிக்கூட வயது. அவள் தொட்டது மட்டுமில்லை, காதைத் தாண்டிக் கழுத்து வரை பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆள் நெடுப்பம், கை நீளம். எட்டரை என்று எழுதினேன். ஒன்றரை வருடத்தில் அது பத்தாயிற்று. ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால், தாயை ஒருநாள் வரச் சொல்லியிருந்தால் போதும். அன்று எனக்குத் தலையிடி, வரிசையில் இன்னும் பதினைந்து பிள்ளை. அவ்வளவுதான் காரணம்.

சீட்டை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே உன் போடிங்குக்கு வந்தேன். அதை நீ மறந்திருக்க மாட்டாய். நீ தேநீர் போடச் சொன்னாய், கதிரையை இழுத்துப் போட்டாய், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாய். “அம்மா, தோட்டத்துச் சீட்டை வைச்சு நான் என்ன செய்ய? பேரும் சரியா எழுதேல்லை. இடாப்பிலை பத்து எண்டு கிடக்கு. வயசு எண்டால் எழுத்திலை உள்ளதுதான் வயசு” என்றாய். இடாப்பைத் திருத்தலாமே என்றேன். திருத்தினால் தலைமை ரீச்சரும் இன்ஸ்பெக்டரும் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், அப்படி வைத்தால் நாளைக்கு எல்லாரும் சீட்டோடு வந்து நிற்பார்கள் என்றாய். கடைசியாக, சிரித்துக்கொண்டு, “கெட்டிக்காரப் பிள்ளை எண்டால் வயசு குறைவாயிருந்தாலும் வாசிக்கும். நான் ஆறு வயசிலை ரெண்டாம் வகுப்புப் புத்தகம் வாசிக்கேல்லையே?” என்றாய். நான் தேநீரைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். எனக்கு வெட்கம், தம்பி.

அந்த ஆறு வயதுக் கதையை நீ எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறாய். பெண்பார்க்கப் போன வீட்டிலும் கோப்பி குடித்துக்கொண்டு சொன்னாய். இன்ஸ்பெக்டர் உன் தலையைத் தடவி, ஆறு வயதிலேயே இப்படி வாசிக்கிறானே என்று நிறப்படப் புத்தகம் பரிசு கொடுத்தது, அதனால்தான் உனக்கு இந்த உத்தியோகத்தில் ஆசை பிறந்தது என்றெல்லாம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்து சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

நீ மலாயாவில் பிறந்தாய். உன் அப்பா அங்கே ரெயில்வேயில் இருந்தார். அவர் செத்து, நான் உன்னைத் தூக்கிக்கொண்டு கப்பலேறியபோது, உன் பிறப்புப் பத்திரம் உட்பட அரைவாசிக் கடதாசி அங்கேயே போய்விட்டது. சாதகம் மட்டும் என் கைப்பெட்டியில் வந்தது. உனக்கு அப்போது ஆறு வயது முடிந்திருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். பாலர் வகுப்பில் விளையாடின இடம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அதுதான். அங்கே நீ விளையாடவில்லை. வருடச் சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் உன்னை இருபது வரை எண்ணச் சொன்னார். நீ எண்ணினாய், ஒன்று விடாமல், சாத்து, டுவா, தீகா என்று மலாயில். உன்னை வளர்த்த ஆயா சொல்லித் தந்தபடி. வகுப்பே சிரித்தது. இன்ஸ்பெக்டர் எண்ணத் தெரியாது என்று எழுதினார். அதன் பிறகு ஒரு வருடம் நீ பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. அடுத்த சோதனையில் சிலேற்றைக் கையில் தந்தபோது அழுது, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாய். வயதுக்கேற்ற தேர்ச்சி இல்லை என்று இரண்டாம் முறையும் எழுதினார்கள். நீ பாக்கியத்துக்கு எழுதிய அதே சொற்கள். எங்கே பொறுக்கினாய் என்று தெரியவில்லை, உங்கள் ஆட்களுக்கு அது வாய்ப்பாடு போலும்.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். ரீச்சரின் பிள்ளை சோதனையில் இரண்டு தரம் விழுந்துவிட்டான் என்று ஊர் சொல்லும். எனக்கு அதுதான் பெரிய பயம், உன்னைப் பற்றிய பயம் இரண்டாவது. இதையும் ஒளிக்கவில்லை. உன்னை அங்கிருந்து எடுத்து, முன்பு எங்கும் படிக்கவில்லை என்று சொல்லி, எங்கள் சேர்வு இடாப்பில் புதிதாக எழுதினேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆறு என்று போட்டேன். மலாயாக் காய்ச்சலில் வற்றிய உடம்பு உனக்கு, கை மட்டுமட்டாகத்தான் காதைத் தொட்டது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. வருடாவருடம் உன் பிறந்த நட்சத்திரத்துக்குக் கோயிலில் அர்ச்சனை செய்தோம். நட்சத்திரத்தைத்தான் ஐயர் கேட்பார், ஆண்டைக் கேட்க மாட்டார். ஆறு மாதம் உன்னை ஒருவரும் சோதிக்காமல் என் வாங்கின் ஓரத்தில் இருத்திவைத்தேன். நீ தானாக வாசிக்கத் தொடங்கினாய். பிறகு வந்த இன்ஸ்பெக்டர் தலையைத் தடவினார். அவர் தடவியது எட்டரை வயதுத் தலையை. அந்த வயதுக்கு நீ சரியாகவே வாசித்தாய், அதிசயம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தத் தடவலில் நீ நிமிர்ந்தாய். கெட்டிக்காரன் என்று ஊர் சொல்லச் சொல்ல நீ கெட்டிக்காரனானாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

உனக்கு இருபத்தாறு இல்லை, இருபத்தெட்டு. சாதகத்தைப் பிரித்துப் பார், கணிக்கத் தெரிந்த எவரிடமும் காட்டு. உன்னில் குறைத்த இரண்டு வயதையும் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் தலையில் கட்டியதுபோல ஆகிவிட்டது என் எழுத்து. இரண்டும் ஒரே கை, ஒரே இடாப்பு. ஒன்று உன்னை மேலே தூக்கிற்று, மற்றது அவளை வக்கீல் வீட்டு அடுப்படிக்கு அனுப்பப் பார்க்கிறது. நான் உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. பிள்ளையிடம் அளக்க ஒன்றுமே இல்லை என்றும் சொல்லவில்லை; நானும் இருபது வருடமாகச் சோதனை வைத்து, கொப்பி திருத்தி, வகுப்பேற்றி, வகுப்பில் நிறுத்தியவள்தான். ஆனால் கோடு போட முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கதைத்துப் பார்க்க உனக்கு என்ன வந்தது? கங்குமட்டை என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லிவிட்டு அடுத்த வரியை வாசிக்கச் சொல்லியிருக்கலாமே. வாசித்திருப்பாள். அதைச் செய்யாத உன்னில் எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆறும் என்று எதிர்பார்த்துக் கலியாண அழைப்போடு வந்துவிடாதே.

வரும் திங்கட்கிழமை மேற்பார்வைக்குத் திரும்ப வருவதாகப் பெரிய ரீச்சருக்கு எழுதியிருக்கிறாய். வா. பாக்கியத்தின் தாயிடம் திங்கள் வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன். அன்று காலை மணி அடிக்கும்போது பிள்ளை இரண்டாம் வகுப்பு வாங்கில் இருப்பாள். அவளைத் திரும்பவும் பாலர் வகுப்புக்கு அனுப்புவதென்றால் நீயே கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும், நான் செய்ய மாட்டேன். சேர்வு இடாப்பு உன் மேசையில் இருக்கும். அவளுடைய வரியில் வயதைச் சிவப்பு மையால் வெட்டி, சரியானதை எழுதி, நான் கையெழுத்து வைத்துவிட்டேன். முன்பக்கம் புரட்டினால் உன்னுடைய வரி. அதிலும் அப்படியே செய்திருக்கிறேன், பொய்யாக எழுதியவள் நான் என்றும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். என் ஓய்வூதியத்துக்கு என்ன வருமோ வரட்டும். உன் உத்தியோகத்துக்கு வயதெல்லை இருந்தது என்பதும் எனக்குத் தெரியும், யோசித்துத்தான் செய்தேன். பெரிய ரீச்சர் இரண்டு வரியிலும் கையெழுத்து வைத்துவிட்டார். இன்ஸ்பெக்டரின் இடம் மட்டும் இரண்டிலும் வெறுமையாக இருக்கிறது.

எழுத்தில் உள்ளதுதான் வயது என்று நீ சொன்னாய். இப்போது எழுத்தில் அவளுக்கு எட்டு, உனக்கு இருபத்தெட்டு. இரண்டிலும் கையெழுத்து வை, அல்லது இரண்டையும் பொய் என்று வெட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன் காரில் ஏறிப் போ.

உன் அம்மா,
இரண்டாம் வகுப்பு ரீச்சர்.
என் வயது ஐம்பத்திரண்டு. அதிலும் சந்தேகம் என்றால் சொல்லு, என்னுடைய சாதகமும் அதே பெட்டியில்தான் கிடக்கிறது.